பிள்ளைக்கு முன், பிள்ளைக்குப் பின்



பிரசவ வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ஒன்று உண்டு: வலி ஊசி. “வலி ஊசி போட்டாச்சா?”, “இன்னும் போடலையாம்”, “போட்டா ஒரு மணி நேரத்துல ஆயிடும்.” ஏதோ பேருந்துக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்போம். அந்த ஊசிக்குள் இருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, கருப்பையில் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. பைல் தூக்கி வயதான குமாஸ்தா. ஆனால் இந்த விஷயம் இரண்டு வழிகளில் என்னைத் தொட்டது. ஒன்று உத்தியோக வழி, மற்றொன்று எங்கள் குடும்ப வழி. இரண்டையும் சொல்கிறேன். யாருக்கு எந்த மருந்து என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உத்தியோகம். என் பணிக்காலத்தில் பல ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தேன். புதுச்சேரிக்காரர்கள் அதை இன்றும் ‘எத்தா சிவில்’ என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பழைய பதிவேடுகளிலிருந்து நகல் எடுக்கும் வேலை என் தலையில் விழும். பிரான்சு பென்ஷன், குடியுரிமை, சொத்து வழக்கு என்று எதற்கு வந்தாலும் தாத்தா பாட்டியின் பதிவைத் தேட வேண்டும். நீல மையில் சாய்வெழுத்தில் எழுதிய பெரிய பெரிய புத்தகங்கள். பக்கத்தைப் புரட்டினால் தூசி தும்மலைக் கிளப்பும்.

அந்தப் பக்கங்களில் ஒரு ஜோடியை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பிறப்புப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயர். இறப்புப் பதிவேட்டில் அதே நாளோ மறுநாளோ அதன் தாயின் பெயர். சில சமயம் குழந்தைக்குப் பெயர்கூட இராது. ‘உயிரற்ற குழந்தை’ என்று மட்டும் பதிந்திருப்பார்கள். இரண்டு பதிவிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஒருவராகவே இருப்பார். காலையில் ஒன்றுக்கு, மாலையில் ஒன்றுக்கு. பிரெஞ்சு முறையில் இறப்புப் பதிவில் சாவுக்குக் காரணம் எழுத மாட்டார்கள். நாள், மணி, இடம், பெற்றோர் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெண்கள் எதனால் போனார்கள் என்று புத்தகம் சொல்லாது. ஆனால் அந்தக் காலத்தில் பிரசவத்தன்று தாயைக் கொண்டுபோன காரணங்களில் முதல் வரிசையில் நின்றது ரத்தப்போக்கு என்பதை மருத்துவ வரலாறு சொல்கிறது. இன்றும் உலகத்தில் பிரசவச் சாவுகளுக்குப் பெரிய காரணம் அதுதான்.

அந்தச் சாவைத் தடுக்கும் மருந்து, கருப்பையை ஊக்கி இறுகச் செய்யும் மருந்து. அதே மருந்தை வேளை மாறிக் கொடுத்தால் பிள்ளையைக் கொல்லும், தாயையும் கொல்லும். இந்தக் கதை ஒரு சேவலின் காலில் தொடங்குகிறது.

பள்ளியில் எங்களுக்கு இயற்கை அறிவியல் நடத்திய ஆசிரியர், ஒரு நாள் கரும்பலகையில் ‘எர்கோ’ என்று ஒரு சொல்லை எழுதினார். சேவலின் காலில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமே முள், அதற்குப் பிரெஞ்சில் பெயர் எர்கோ. சேவற்கட்டு பார்த்த பையன்கள் எங்களுக்கு அது சட்டென்று புரிந்தது. ஐரோப்பாவில் குளிர்ப் பிரதேசத்தில் விளையும் ரை என்ற தானியத்தின் கதிரில் ஒருவகைப் பூஞ்சை பிடித்தால், தானிய மணிக்குப் பதிலாகக் கறுப்பாக, வளைந்து, சேவல் முள் போலவே ஒன்று முளைக்கும். அதனால் அந்தப் பூஞ்சைக்கும் அதே பெயர். இங்கிலீஷ்காரர்கள் கடைசி எழுத்தையும் உச்சரித்து எர்காட் ஆக்கிவிட்டார்கள். பின்னாளில் மருந்துக் கடைக்காரர் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னபோது நம் ஆற்காட்டைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன்!

இந்தக் கறுப்பு முள்ளை மணியோடு சேர்த்து அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்ட ஏழைகளுக்கு இடைக்காலத்தில் பயங்கரமான நோய் வந்தது. கைகால் எரியும், விரல்கள் கறுத்து உதிரும். அதற்கு ‘புனித அந்தோணியார் நெருப்பு’ என்று பெயர். நாம் வனத்து அந்தோணியார் என்கிறோமே, அவர். அவர் பெயரால் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றிய துறவிகள், இந்த நோயாளிகளுக்காகவே மருத்துவ இல்லங்கள் நடத்தினார்கள். கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற இசென்ஹெய்ம் பீட ஓவியம், 1512க்கும் 1516க்கும் இடையில் அப்படிப்பட்ட ஒரு மடத்துக்காகத்தான் வரையப்பட்டது.

இந்த நோய் பரவிய ஊர்களில் கர்ப்பிணிகளுக்குக் கரு கலைந்தது. எர்காட்டில் இருக்கும் வேதிப்பொருள்கள் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. விரல் கறுப்பது அதனால். அவை கருப்பைத் தசையையும் சுருக்குகின்றன. கரு கலைவது அதனால். மருத்துவச்சிகள் இதை டாக்டர்களுக்கு வெகு முன்பே கவனித்துவிட்டார்கள். 1582இல் ஆடம் லோனிட்சர் என்ற ஜெர்மன் மருத்துவர் தம் மூலிகை நூலில், பிரசவ வலியைத் தூண்ட அங்குள்ள பெண்கள் இந்த முள்ளைக் கொடுப்பதை எழுதி வைத்தார்.

டாக்டர்கள் கைக்கு அது வந்தபின் நடந்ததுதான் நமக்குப் பாடம். 1808இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற டாக்டர், இந்தப் பொடியைப் பற்றி ஒரு கடிதம் வெளியிட்டார். இது நீண்ட பிரசவத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறது, டாக்டருக்கும் நேரம் மிச்சம் என்பது அதன் சாரம். மற்ற டாக்டர்களும் பிடித்துக்கொண்டார்கள். குதிரை வண்டியில் பத்து மைல் போய் ராத்திரி முழுக்கக் கண்விழித்து உட்கார வேண்டிய வேலை மூன்று மணி நேரத்தில் முடிகிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 1820களில் செத்துப் பிறக்கும் பிள்ளைகள் கூடின என்ற குரல் எழுந்தது. நியூயார்க்கின் டேவிட் ஹோசாக் என்ற டாக்டர், பிரசவப் பொடி என்று பெயர் வைத்தீர்கள், பிள்ளையைப் பொறுத்தவரை இது சாவுப் பொடி என்று எச்சரித்தார். பிள்ளை பிறந்தபின் ரத்தம் நிற்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார்.

ஏன் அப்படி? பிரசவ வலியைப் பெற்ற பெண்களைக் கேளுங்கள். வலி வரும், போகும். மறுபடி வரும், போகும். அந்த ‘போகும்’தான் பிள்ளையின் உயிர். கருப்பை இறுகும்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தளரும்போது மீண்டும் பாய்கிறது, பிள்ளை மூச்சு வாங்கிக்கொள்கிறது. எர்காட் அந்தத் தளர்ச்சியைத் தராது. பிடித்த பிடி பிடித்தபடி இருக்கும். உள்ளே பிள்ளைக்கு மூச்சு முட்டும். பிள்ளை இறங்க வழி குறுகலாக இருந்தால் கருப்பையே கிழிந்துபோகலாம்.

பிள்ளை வெளியே வந்து நஞ்சும் விழுந்துவிட்டது என்றால் கணக்கு அப்படியே தலைகீழ். நஞ்சு ஒட்டியிருந்த இடம் ஒரு திறந்த காயம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. அந்தக் குழாய்கள் கருப்பைத் தசை நார்களின் நடுவே, பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நார்களின் இடுக்கில் புகுந்து வருகின்றன. நார்கள் இறுகினால் ஒவ்வொரு குழாயும் முடிச்சுப் போட்டதுபோல் அடைபடும். இறுகாவிட்டால் குழாயைத் திறந்து விட்டதுபோல்தான், சில நிமிடங்களில் ஆள் வெளுத்துப்போவாள். இங்கே வேண்டியது தளராத பிடி. எர்காட்டின் குற்றம் எதுவோ அதுவே இப்போது அதன் குணம்.

இனி குடும்ப வழி. 1971இல் என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். புகுந்த வீடு ஒரு கிராமம். முதல் நாள் சாயங்காலம் வலி எடுத்தது. மறுநாள் காலை ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சிக் கிழவி பொறுங்கள் என்றாள். வீட்டில் பொறுமை இல்லை. ஊசி போடத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்தார். அவரைக் கூட்டிவந்து, சீக்கிரம் முடிக்க ஏதாவது பண்ணுங்க என்றார்கள். அவரும் ஒரு ஊசி போட்டார். கெட்ட எண்ணத்தில் போடவில்லை. கேட்டார்கள், போட்டார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வலி விட்டுவிட்டு வரவில்லை. ஒரே வலியாக நின்றுவிட்டது. வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டதாக மருத்துவச்சி சொன்னாள். வாடகைக் கார் பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நானும் அப்பாவும் ஓடினோம். ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அழவில்லை.

அதோடு முடியவில்லை. நேரம் போகப்போக, களைத்துப்போன கருப்பை தொய்ந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஆயா துணியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவதும் உள்ளே ஓடுவதுமாக இருந்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் கழித்து லேடி டாக்டர் வெளியே வந்தார். “ரத்தம் நின்னுடுச்சு ஐயா. பொண்ணு பொழைச்சுக்குவா” என்றார்.

மாமா, அந்த ஊசி மருந்தின் காலிக் குப்பியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். என்ன மருந்து என்று டாக்டர் கேட்பாரோ என்று மருத்துவச்சி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவர் நீட்டினார். டாக்டர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு அப்பாவிடம் சொன்னார்: “இதே மருந்தைத்தான் ஐயா நானும் இப்ப போட்டேன். அவர் பிள்ளைக்கு முன்னாடி போட்டார். நான் பின்னாடி போட்டேன்.”

இருபது வயதில் கேட்ட அந்த இரண்டு வரியை இன்றுவரை மறக்கவில்லை. அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு ஆகிறது. அந்தப் பிள்ளைக்குப் பின் இன்னொரு மகன் பிறந்தான். ஆனால் ‘எனக்கு மூணு’ என்றுதான் இன்றும் கணக்குச் சொல்வாள்.

அந்தக் குப்பியில் இருந்தது எர்கோமெட்ரின். சேவல் முள்ளிலிருந்து 1935இல் இங்கிலாந்தில் ஹரோல்ட் டட்லி, ஜான் சாசர் மோயர் என்ற இருவர் பிரித்தெடுத்த மருந்து. அதே ஆண்டு சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் வேறு ஆராய்ச்சியாளர்களும் அதைக் கண்டார்கள். தசையில் போட்டால் சில நிமிடங்களில் வேலை செய்யும். மூன்று மணி நேரம் போலப் பிடி விடாது. ரத்தக் குழாயையும் சுருக்குவதால் ரத்த அழுத்தம் அதிகமுள்ள தாய்க்கு, பிரசவத்துக்குப் பின்னும் இதைக் கொடுப்பதில்லை.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து எர்காட் வருவது தடைப்பட்டபோது, நீலகிரி மலையில் ரை பயிரிட்டு, அந்தப் பூஞ்சையை வேண்டுமென்றே ஏற்றி எர்காட் எடுத்தார்கள். விவசாயி நோய் என்று பயப்படுவதை அங்கே மகசூலாக அறுத்தார்கள்!

இன்று ‘வலி ஊசி’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் எர்காட் அல்ல, ஆக்சிடோசின். கிரேக்க மொழியில் ‘விரைந்த பிறப்பு’ என்று பொருள்படும் பெயர். தாயின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இயல்பாகவே விடும் சுரப்பு இது. அந்தச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குவதை 1906இல் ஹென்றி டேல் கண்டார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்தார். அதற்காக 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

ஆக்சிடோசின் சரியான அளவில் போனால் இயற்கை வலியைப் போலவே பிடித்தும் விட்டும் வேலை செய்கிறது. இன்னொரு நன்மை, உடம்பில் அது தங்குவது சில நிமிடங்கள்தான். வலி அளவு மீறினால் சொட்டை நிறுத்தினால் போதும், பிடி தளரத் தொடங்கும். அதனால்தான் பிரசவத்துக்கு முன் இதை ஒரே ஊசியாகப் போடாமல், குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக, எண்ணிக்கையோடு ஏற்றுகிறார்கள். இங்கிலாந்தின் ஜெஃப்ரி தியோபால்ட் என்ற மருத்துவர் 1948இல் பரப்பிய முறை அது. ஒரு பெண்ணுக்குப் போதாத சொட்டு இன்னொருத்திக்கு மிஞ்சிப்போகும். நாள் நெருங்க நெருங்கக் கருப்பையின் கூருணர்ச்சியும் ஏறும். ஆகவே பக்கத்தில் ஓர் ஆள் இருந்து வயிற்றில் கை வைத்து வலியை எண்ண வேண்டும், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். சொட்டை மாட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. தசையில் மொத்தமாகப் போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது. கிராமங்களில் வீட்டுப் பிரசவத்தில் அவசரத்துக்குப் போடும் ஊசியின் ஆபத்து அங்கேதான்.

பிள்ளை பிறந்த உடனே போடும் ஊசி வேறு. எல்லாத் தாய்மார்களுக்கும் பிள்ளை பிறந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசின் போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது வலிக்கு அல்ல, ரத்தம் நிற்பதற்கு. என் பதிவேட்டில் இருந்த ஜோடிப் பெயர்கள் இன்று குறைந்திருப்பதில் அந்தச் சிறிய ஊசிக்குப் பங்கு உண்டு. 2018-20 கணக்கின்படி இந்தியாவில் 1,00,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. அந்த 54 பேரும் யாரோ ஒருவருடைய அக்காதான்.

இந்த மருந்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு ஆகாது. 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் மின்சாரம் இல்லாத அறையில் கிடந்தால் வீரியம் போய்விடும். சூட்டைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்து ஆக்சிடோசினுக்குச் சளைக்கவில்லை என்பதைப் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2018இல் காட்டியது. மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையும் உண்டு. முதலில் வயிற்றுப் புண்ணுக்கு வந்தது, கருப்பையையும் சுருக்குகிறது என்று பிறகு தெரிந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்க 600 மைக்ரோகிராம். வலி வரவழைக்க வெறும் 25 மைக்ரோகிராம். இருபத்துநாலு மடங்கு வித்தியாசம்! பிள்ளைக்கு முன், பிள்ளைக்குப் பின் என்ற அந்த டாக்டரின் சொல்லை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக எது காட்டும்? ஏற்கெனவே சிசேரியன் ஆன பெண்ணுக்கு இந்த மாத்திரையால் வலி வரவழைப்பதில்லை. பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டு.

மருந்துக் கடையில் வருவது மட்டும்தான் ஊக்க மருந்து என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது. நாள் தள்ளிப்போனால் விளக்கெண்ணெய் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். பேதியானால் வலி வரும் என்பார்கள். 2012இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்து, விளக்கெண்ணெயில் உள்ள அமிலம் குடலையும் கருப்பையையும் ஒரே வகை ஏற்பியின் வழியாகத் தூண்டுகிறது என்று கண்டார்கள். பாட்டி சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை. மருந்து என்பதால்தான் அதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பப்பாளியும் அப்படியே. 2002இல் சிங்கப்பூரில் எலிகளில் நடந்த ஆய்வில் பழுத்த பழம் ஒன்றும் செய்யவில்லை. காயின் பால்தான் கருப்பையைச் சுருக்கியது. ‘பப்பாளி ஆகாது’ என்று ஒட்டுமொத்தமாகச் சொன்ன பேச்சில் பாதி உண்மை இருந்திருக்கிறது.

கம்பு பயிரிடுபவர்களுக்கும் ஒரு சொல். கம்புக் கதிரில் வரும் தேன் ஒழுகல் நோய், இந்த எர்காட்டின் பங்காளிதான். அதன் நஞ்சு கொஞ்சம் வேறு வகை. குமட்டல், வாந்தி, தலைசுற்றல் வரும். 1975இல் ராஜஸ்தானில் இப்படிப்பட்ட கம்பைச் சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்புக் கரைத்து விதைக் கம்பைக் கொட்டினால், நோய் பிடித்தவை மிதக்கும். அவற்றை நீக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். கறுத்த முள் கலந்த கம்பை யாருமே சாப்பிடக் கூடாது, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது. இந்த மருந்துகளில் கெட்டது என்று ஒன்றும் இல்லை. நீர்க்குடம் உடைந்தும் வலி வராதபோது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும்போது, நாள் வெகுவாகத் தாண்டும்போது வலியை வரவழைப்பது தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறது. ஆபத்து, காரணம் இல்லாத அவசரத்தில் இருக்கிறது. 1808இல் அவசரப்பட்டது டாக்டர். 1971இல் அவசரப்பட்டது எங்கள் உறவினர்கள். இன்றைக்கு அவசரப்படுவது பெரும்பாலும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். ராகு காலத்துக்கு முன் பிறக்க வேண்டும், இந்த நட்சத்திரம் போவதற்குள் பிறக்க வேண்டும், ‘பக்கத்து பெட் பொண்ணுக்கு ஆயிடுச்சே, நம்ம பொண்ணுக்கு ஏன் இன்னும் ஆகலை’ என்று நர்சைப் போட்டு அரிக்கிறோம். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மருந்து கொடுத்து விரட்ட வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் பொறுக்கலாம்.

ஆகவே அந்த வாசலில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, “எப்போ ஆகும்?” என்பதில்லை. மருந்து வைக்கிறோம் என்றால், எதற்காக என்று மரியாதையாகக் கேட்கலாம். சொட்டு ஏறும்போது பக்கத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கலாம். ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருந்தால், பிரஷர் இருந்தால், அதை நாமே முந்திச் சொல்லலாம். பிள்ளை பிறந்து எல்லாரும் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், உள்ளே தாய்க்கு ரத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பிள்ளையைப் பார்க்க ஓடும் கூட்டத்தில் தாயை விசாரிக்க ஓர் ஆள் நிற்கட்டும். நமக்குத்தான் வேறு வேலை இல்லையே!

உங்கள் ஊரில் அந்தக் காலத்து மருத்துவச்சிகள் வலிக்கு என்ன கொடுத்தார்கள், ரத்தம் நிற்க என்ன செய்தார்கள் என்று நினைவிருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். நம்மோடு போய்விடாமல் அதுவும் ஓர் இடத்தில் பதிவாகட்டும்.